பசி யாருடைய குற்றம்?

மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காலை உணவுக்கு உட்காருகிறான். வேண்டிய மட்டும் சாப்பிடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், அவனுக்கு வைத்ததையும் அவன் மிச்சம் வைத்ததையும் எடைபோட்டுக் குறித்துக்கொள்கிறார்கள் மருத்துவர்கள். அந்த ஒரே வேளையில் அவன் சாப்பிட்டது 1,125 கலோரி. வளர்ந்த மனிதர் ஒருவரின் ஒரு நாள் தேவையில் ஏறத்தாழப் பாதி அது. அவனுடைய எடை 42 கிலோ. பிறகு அவனுக்கு ஒரு ஹார்மோனைத் தினமும் ஊசியாகப் போடத் தொடங்கினார்கள். மறுபடி அதேபோல் காலை உணவு வைத்தார்கள், அதேபோல் எடைபோட்டார்கள். இந்த முறை 180 கலோரியிலேயே அவனுக்குப் போதும் என்றாகிவிட்டது.

இடையில் யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. தட்டைப் பிடுங்கவில்லை, சமையலறைக்குப் பூட்டுப் போடவில்லை. அவன் உடலில் பிறவியிலேயே இல்லாமற்போன ஒரு செய்தி, முதன்முறையாக அவன் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த ஹார்மோனின் பெயர் லெப்டின். அது இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே 1997 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு ஸ்டீபன் ஓ'ராஹிலி, சதஃப் ஃபரூக்கி உள்ளிட்ட கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பாகிஸ்தானிலிருந்து குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தில், ஒன்றுவிட்ட உறவுமுறைக் குழந்தைகள் அவர்கள். சிறுமிக்கு 8 வயது, எடை 86 கிலோ. சிறுவனுக்கு 2 வயது, எடை 29 கிலோ. பிறந்தபோது இருவரின் எடையும் இயல்பாகவே இருந்தது. முதல் சில மாதங்களிலேயே தீராத பசி தொடங்கிவிட்டது. பாரம் தாங்காமல் கால்கள் வளைந்து, அந்தச் சிறுமிக்கு அறுவைச் சிகிச்சைகூடச் செய்யவேண்டி வந்தது. இரத்தத்தைப் பரிசோதித்தால் லெப்டின் கிட்டத்தட்ட இல்லை. அதைத் தயாரிக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளிலும் அதே பிழை. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இப்படி இரண்டு பிழைகள் ஒரே குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு கூடுதல். அத்தை மகன், மாமன் மகள் உறவு இன்னும் வழக்கிலிருக்கும் நம் ஊருக்கும் இது பொருந்தும்.

1999-இல் அந்தச் சிறுமிக்குத் தினசரி லெப்டின் ஊசி போட்டதன் முடிவுகள் வெளியாயின. பன்னிரண்டு மாதங்களில் 16.4 கிலோ குறைந்திருந்தது. குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்பு. தசை பெரும்பாலும் அப்படியே இருந்தது. கூடப்பிறந்தவர்கள் சாப்பிடும் அளவே அவளும் சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.

இந்த ஊசி வரை வந்த வழி எலிகளிடம் தொடங்குகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் இருக்கிறது ஜாக்சன் ஆய்வகம். 1949-இல் அங்கே சுண்டெலிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பந்துபோலப் பருத்து, நகரவே சோம்பிக் கிடந்தது. வயிற்றில் குட்டி இருக்கிறதோ என்று பார்த்தால், இல்லை. அதன் பரம்பரைக் குறைபாட்டுக்கு 'ஓபி' என்று பெயர் வைத்தார்கள். 1966-இல் அதே ஆய்வகத்தில் இன்னொரு வகைப் பருத்த எலி கிடைத்தது. அதற்குக் கடுமையான நீரிழிவும் இருந்ததால் 'டிபி' என்றார்கள். டக்ளஸ் கோல்மன் என்ற உயிர்வேதியியலாளர் இவற்றை இரண்டிரண்டாகத் தோலோடு தோல் சேர்த்துத் தைத்தார். ஒன்றின் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதற்குள் போய்க் கலக்கும். கேட்கவே மனம் கூசும் சோதனைதான். ஆனால் அதன் விடை அவ்வளவு தெளிவாக இருந்தது. ஓபி எலியைச் சாதாரண எலியோடு இணைத்தால், ஓபி குறைவாகச் சாப்பிட்டு இளைத்தது. டிபி எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோதோ, சாதாரண எலி உணவைத் தொடாமல் பட்டினி கிடந்தே செத்துப்போனது. டிபி எலிக்கு எதுவும் ஆகவில்லை.

கோல்மன் இதைப் படித்த விதம் இது: இரத்தத்தில் 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் ஓடுகிறது. ஓபி எலிக்கு அதைச் சொல்லத் தெரியாது, கேட்கத் தெரியும். டிபி எலி ஓயாமல் உரக்கச் சொல்கிறது, அதற்குக் கேட்கத்தான் தெரியாது. அந்தப் பொருள் எது என்று அவருக்குத் தெரியவில்லை. பல அறிவியலாளர்கள் அதை நம்பவும் இல்லை. பசி மன உறுதியைப் பொறுத்தது என்ற எண்ணம் அவர்களிடமும் வேரோடியிருந்தது. 1994 டிசம்பரில், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த ஹார்மோன் சுரக்கும் இடம்தான் பெரிய ஆச்சரியம். வயிற்றிலோ மூளையிலோ அது சுரக்கவில்லை. வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்திருந்த கொழுப்புத் திசுவே அதைச் சுரந்தது. கிரேக்க மொழியில் மெலிவைக் குறிக்கும் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் பக்கத்து வீட்டுப் பருத்த பிள்ளைக்கும் லெப்டின் ஊசி போட்டால் சரியாகிவிடுமா? எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் அதன் உரிமைக்காக 2 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, பருத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடும். அவர்கள் ஓபி எலிகள் இல்லை. செய்தி உரக்கவே ஒலிக்கிறது, மூளையின் செவி மட்டும் மந்தமாகிவிட்டது. மேலும் மேலும் ஊசி போட்டும் பெரிய பலன் கிடைக்கவில்லை.

ஏன் இப்படி ஓர் அமைப்பு? லெப்டின் ஏறும்போது மூளை பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை, இறங்கும்போதுதான் பதறுகிறது. இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே போதும், உடற்கொழுப்பு அதிகம் கரைவதற்கு முன்பே இரத்தத்தில் லெப்டின் சரிந்துவிடும். உடனே பசி கூடும். தைராய்டு ஹார்மோன் குறையும், உடல் எரிக்கும் ஆற்றலும் குறையும், இனப்பெருக்க ஹார்மோன்கள் அடங்கும். பஞ்சம் வந்துவிட்டது என்று உடல் எடுத்துக்கொள்கிறது. மனித வரலாற்றின் பெரும்பகுதியில் கவலைப்பட வேண்டியிருந்தது பஞ்சத்தைப் பற்றித்தான்.

பெற்றோர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கோடை விடுமுறைக்குள் பத்துக் கிலோ குறைக்கவேண்டும் என்று பிள்ளையைப் பட்டினி போட்டால் இந்த அபாய மணிதான் அடிக்கும். ஒரு மாதம் தாக்குப்பிடித்த பிள்ளை மறுமாதம் அலமாரியைத் தேடிப்போவது நெஞ்சுரம் இல்லாததால் நடப்பதில்லை. உடல் அவனைப் பிடித்து இழுக்கிறது. அதே சமயம் குழந்தைகளிடம் பெரியவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: அவர்கள் உயரம் வளர்கிறார்கள். பல குழந்தைகளுக்கு எடை குறையவே வேண்டியதில்லை. ஓர் ஆண்டு அப்படியே நின்றால், வளரும் உயரமே கணக்கைச் சரிசெய்துவிடும். மணி அடிக்காமல் முன்னேற அது ஒரு வழி.

தூக்கமும் இந்தக் கணக்கில் வரும். 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவைத்தார்கள். பத்து மணி நேரம் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 விழுக்காடு குறைவு. பசியைக் கிளப்பும் இரைப்பை ஹார்மோனான கிரெலின் 28 விழுக்காடு கூடுதல். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு டியூஷன் முடித்து, வீட்டுப்பாடம் முடித்து, பதினொரு மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கிறது?

லெப்டினின் செய்தியைக் கேட்கும் இடம் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அங்கிருந்து செய்தி பல கைமாறிப் போகிறது, எந்தக் கை தவறினாலும் பசி அடங்காது. எம்சி4ஆர் என்ற ஏற்பியில் வரும் மரபணுப் பிழைதான் இவற்றில் அதிகம் காணப்படுவது. சிறு வயதிலேயே கடுமையாகப் பருத்த 500 பேரை ஃபரூக்கியின் குழு ஆராய்ந்தபோது 5.8 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. அதே குழு 300 குழந்தைகளை ஆராய்ந்து, சிலருக்கு 16-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே விடுபட்டிருப்பதைப் பின்னொரு சமயம் கண்டது. அந்தக் குழந்தைகளில் சிலரை, பெற்றோரே வேண்டுமென்று அளவுக்கு மீறி ஊட்டுகிறார்கள் என்ற சந்தேகத்தில், ஆபத்திலிருக்கும் குழந்தைகள் பட்டியலில் சேர்த்திருந்தது பிரிட்டனின் சமூக நலத்துறை. மரபணு முடிவு வந்த பிறகே பெயரை நீக்கினார்கள். தன் பிள்ளையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று பயந்தபடி எத்தனை தாய்மார் தூங்காமல் கிடந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இவ்வகைப் பிழைகள் சிலவற்றுக்கு இன்று மருந்தும் இருக்கிறது. செட்மெலனோடைட் என்ற ஊசிக்கு 2020-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

இப்படி ஒற்றை மரபணுவால் பருக்கும் குழந்தைகள் மிகச் சிலர்தான். அவர்களைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம், பசி என்ன என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள் என்பதே. மற்ற குழந்தைகளைப் பற்றிப் பேச நாம் கழுத்தைப் பார்க்கவேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பின்கழுத்தில் பட்டை போட்டதுபோல ஒரு கருமை. தொட்டால் வெல்வெட் துணிபோல் தடித்திருக்கும். அக்குளிலும் இருக்கலாம், விரல் முட்டியிலும் இருக்கலாம். 'ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறதில்ல' என்று திட்டு விழும். பீர்க்கங்காய் நாரும் கடலை மாவும் எலுமிச்சையும் வரும். தோல் எரிய எரியத் தேய்ப்பார்கள். கருமை போகாது, ஏனென்றால் அது அழுக்கு இல்லை. மருத்துவத்தில் அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். குழந்தைகளிடம் பெரும்பாலும் அது சொல்வது ஒன்றைத்தான்: இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கிறது.

கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பும். உடலில், அதிலும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும், கொழுப்பு சேரும்போது தசைகள் இன்சுலினின் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. கணையம் சும்மா இருப்பதில்லை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரந்து வேலையை முடித்துவிடுகிறது. ஆகவே இரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் இயல்பாகவே இருக்கும். பரிசோதனைச் சீட்டைப் பார்த்து 'சுகர் இல்லை' என்று நிம்மதியாக வீட்டுக்கு வருவார்கள். அந்தச் சீட்டில் இல்லாதது கழுத்தில் எழுதியிருக்கிறது. மிகுந்த இன்சுலின் தோல் செல்களில் இருக்கும் வளர்ச்சிக் காரணி ஏற்பிகளையும் தூண்டுகிறது. தோல் பெருகித் தடிக்கிறது, கருக்கிறது.

இன்சுலின் எதிர்ப்பு என்ற சொல்லைக் கேட்டால் உடல் முழுவதும் இன்சுலினை மறுக்கிறது என்று தோன்றும். அப்படி நடந்தால்கூடச் சேதம் வேறு மாதிரி இருந்திருக்கும். கல்லீரலுக்கு இன்சுலின் இரண்டு கட்டளை இடுகிறது: சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து, மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்று. எதிர்ப்பு வந்த கல்லீரல் முதல் கட்டளையைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டாவதை மட்டும், ஏறிக் கிடக்கும் இன்சுலினின் முழு வேகத்தோடு, நிறைவேற்றுகிறது. குளிர்பானத்திலும் பாட்டில் ஜூஸிலும் வரும் ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலிலேயே கையாளப்படுவதால் அந்தச் சுமையும் அங்கேயே இறங்குகிறது. மதுவை முகர்ந்துகூடப் பார்க்காத பத்து வயதுப் பிள்ளைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவது இப்படித்தான். சினைப்பையும் இன்சுலினை மறுப்பதில்லை. மிகுந்த இன்சுலினால் அது ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, பரு வருகிறது. பதினான்கு வயதுப் பெண் கண்ணாடி முன்னால் நின்று அழும் இந்தத் துயரத்துக்கும் கழுத்துக் கருமைக்கும் வேர் ஒன்று.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பருவமடையும் வயதில் இன்சுலினின் வீரியம் தற்காலிகமாகக் குறையும், ஒல்லியான பிள்ளைகளுக்கும்கூட. அப்போது பொங்கிவரும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதே காரணம். வளர்ச்சி முடிந்ததும் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஏற்கெனவே பருத்த பிள்ளைக்கு இது பாரத்தின் மேல் பாரம். கணையம் திணறுவது பெரும்பாலும் அந்த வயதில்தான். ஒரு காலத்தில் பெரியவர்களின் நீரிழிவு என்றே பெயர் பெற்றிருந்த டைப் 2 நோய் குழந்தைகளிடம் தலைகாட்டத் தொடங்கியது இப்படித்தான். அமெரிக்காவின் சின்சினாட்டி வட்டாரத்தில் 1982-க்கும் 1994-க்கும் இடையில் வளரிளம் பருவத்தினரிடம் அது பத்து மடங்கு கூடியது. அந்த நாட்டில் 'டுடே' என்ற பெரிய ஆய்வு, 10 முதல் 17 வயதுவரை இருந்த 699 பேரைப் பின்தொடர்ந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அது சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தவறியது. அவர்களுடைய சராசரி வயது 26-ஐ எட்டியபோது, பத்தில் ஆறு பேருக்குச் சிறுநீரகத்திலோ கண்ணிலோ நரம்பிலோ பாதிப்பு வந்திருந்தது. வாழ்க்கையைத் தொடங்கும் வயது அது. இந்த எண்ணைப் படித்துவிட்டு என்னால் எளிதில் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

பருத்த பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர் முதலில் கேட்பது 'தைராய்டா இருக்குமோ?' என்பதுதான். பெரும்பாலும் இருக்காது. வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு தடயம் உண்டு. அதிகம் சாப்பிட்டுப் பருக்கும் பிள்ளைகள் வயதுக்குச் சற்று உயரமாகவே இருப்பார்கள். மிகுந்த இன்சுலினும் லெப்டினும் எலும்பு வளர்ச்சியை முடுக்கிவிடுகின்றன. தைராய்டு குறைந்தாலோ கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்தாலோ வளர்ச்சி நின்றுபோகும். ஆகவே பருத்திருக்கும் பிள்ளை குட்டையாகவும் இருந்தால், உயரம் ஓராண்டாக ஏறவே இல்லையென்றால், தாமதிக்காமல் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டவேண்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சின் அளவு லேசாக ஏறியிருப்பது பல சமயம் பருமனின் விளைவே. எடை குறைந்தால் அதுவும் இறங்கும்.

இதுவரை சொன்னது உலகத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவானது. நம் துணைக்கண்டத்துக் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல் பிறப்பிலேயே தொடங்குகிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், 1990-களில் அந்த நகரைச் சுற்றிய கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடரத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அது 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குக் கையும் தொடையும் மெலிவு, வயிறு சிறிது. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கிள்ளி அளந்தபோது, அங்கே இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டு பிறந்திருக்கின்றன அந்தச் சிசுக்கள். லண்டன் குழந்தைகளோடு ஒப்பிட்ட இன்னோர் ஆய்வில், தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலினும் கூடுதல். ஒல்லியாகத் தெரியும் உடலுக்குள் பருத்த ஓர் உடல்.

யாக்னிக் தன்னையே இதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். 2004-இல் லான்செட் இதழில் அவரும் பிரிட்டிஷ் நண்பர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கும் படம் வெளியானது. உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் 22.3. யட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கினுடையது 21.2. பி.எம்.ஐ. இருவரையும் ஒன்று என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் மிகை எடைக்குப் பெரியவர்களின் 23-ஐயும் பருமனுக்கு 27-ஐயும் இணையாக வைத்தது இதனால்தான். உலக அளவில் அவை 25, 30.

நம் வீடுகளில் குழந்தைக்கு அரைஞாண் கயிறு கட்டுவார்கள். கயிறு தளர்ந்தால் பிள்ளை இளைக்கிறது என்று பாட்டிக்குக் கவலை, இறுகினால் மகிழ்ச்சி. பஞ்சமும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளைக் கொண்டுபோன காலத்தில் அந்தக் கணக்கு உயிர் காத்தது. இன்றைக்கு வளர்ந்த பிள்ளைக்கு வேறொரு கயிறு போதும். தலை முதல் குதிகால்வரை அளந்து, அதைப் பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் தொட்டுக்கொள்ளாவிட்டால், அதாவது இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தால், எடை என்னவாக இருந்தாலும் மருத்துவரிடம் பேசவேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைப் பற்றி எடை இயந்திரத்தைவிட அந்தக் கயிறு உண்மை சொல்லும்.

மருந்துகளும் வந்துவிட்டன. குடல் சுரக்கும் ஒரு நிறைவு ஹார்மோனைப் போல வேலை செய்யும் செமக்ளூடைட் ஊசியை 12 வயதுக்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினரிடம் 68 வாரம் சோதித்ததில் பி.எம்.ஐ. சராசரியாக 16.1 விழுக்காடு இறங்கியது. 2022-இல் வந்த முடிவு அது. நிறுத்தினால் எடை திரும்புவது பெரியவர்களிடம் கண்ட அனுபவம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தேவை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கல்லீரல் கெட்டு, சர்க்கரை ஏறி, பள்ளியில் 'குண்டு' என்ற பெயரைத் தவிர வேறு பெயரே இல்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு மருத்துவர் அதைப் பரிந்துரைத்தால், 'வாயைக் கட்டத் துப்பில்லாமல் ஊசியா' என்று யாரும் கேட்கக்கூடாது. பார்வை மங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் அப்படிக் கேட்பதில்லை.

மருந்தில்லாமல் கிடைக்கும் ஒன்றும் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளையின் தொடைத் தசைகளில் அந்தப் பின்வாசல் திறக்கிறது, விளையாட்டு முடிந்த பிறகும் சில மணி நேரம் இன்சுலினின் வேலை எளிதாகவே இருக்கிறது. எடை ஒரு கிலோகூடக் குறைந்திருக்க வேண்டியதில்லை. கணையம் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் அது தொடர்ந்து, இனிப்புப் பானமும் வீட்டை விட்டுப் போய், பிள்ளை நேரத்துக்குத் தூங்கத் தொடங்கினால் இரத்தத்தில் இன்சுலின் இறங்கும். அப்போது பின்கழுத்தின் கருமை, யாரும் தேய்க்காமலேயே, மெல்ல மெல்ல மங்கத் தொடங்கும்.